பி.ஆர்.எஸ்.ஆர். கோர், வி.எஸ்.எம்.இ.: திருப்பூர் சப்ளையர் எதில் தொடங்குவது?

பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத பனியன் நிறுவனத்துக்கு நிலைத்தன்மை அறிக்கை (சுற்றுச்சூழல், தொழிலாளர் நிலை பற்றிய கணக்கு) தரும் சட்டக் கடமை நேரடியாக இல்லை. ஆனாலும் பையர், அதாவது துணி வாங்கும் நிறுவனம், அனுப்பும் கேள்வித்தாளாக அது வாசலுக்கு வந்துவிடுகிறது. உள்நாட்டு பிராண்டு கேட்டால் அடிப்படை, பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். கோர்: பட்டியலிட்ட நிறுவனங்களுக்கான பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கையின் முக்கிய அளவீடுகள். ஐரோப்பிய பையர் கேட்டால், பதிலாக நீட்டத் தகுந்தது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக அங்கே உருவான வி.எஸ்.எம்.இ. என்ற தன்னார்வ வடிவம்.

செபி விதியில் பட்டியலிட்ட முதல் 250 நிறுவனங்களின் சப்ளையர்கள்தான் வருகிறார்கள். அவர்களிலும், அந்த நிறுவனத்தின் கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ உங்கள் பங்கு இருந்தால் மட்டுமே. 2025-26க்கு இதுவும் விருப்பத்தின் பேரில்தான். ஐரோப்பாவில் 2025 டிசம்பரில் எட்டிய உடன்பாடு, அறிக்கைக் கடமையை 1,000 ஊழியருக்கும் 45 கோடி யூரோ விற்றுமுதலுக்கும் மேற்பட்ட நிறுவனங்களோடு நிறுத்திவிட்டது. சிறிய சப்ளையரிடம் தன்னார்வ வடிவத்தைத் தாண்டிக் கேட்பதற்கும் வரம்பு கட்டியது. இருநூறு கேள்வி அனுப்பும் பையரிடம் பேச இது நல்ல பிடிமானம்.

எண்கள் தடம் புரளும் முதல் இடம் விபத்து விகிதம். 400 பேர், ஆளுக்கு ஆண்டில் 2,400 மணி நேரம். மொத்தம் 9,60,000 மணி. வேலை நேரம் இழக்கவைத்த விபத்து இரண்டு, வேறு விபத்து இல்லை. பி.ஆர்.எஸ்.ஆர். பத்து லட்சம் மணி நேரத்துக்குக் கணக்கிடும்: 2.08. வி.எஸ்.எம்.இ. 2,00,000 மணி நேரத்துக்கு: 0.42. தொழிற்சாலை ஒன்றே, விபத்தும் அதே. எண் மட்டும் ஐந்து மடங்கு மாறுகிறது. போதாக்குறைக்கு, முன்னது வேலை நேரம் இழந்த விபத்தை மட்டும் எண்ணும், பின்னது பதிவுக்குரிய எல்லா விபத்தையும் எண்ணும். எண்ணோடு சூத்திரத்தையும் எழுதாமல் அனுப்பாதீர்கள்.

அடுத்தது மின்சாரம். வி.எஸ்.எம்.இ. அடிப்படைப் பகுதி கேட்பது கிரிட் சராசரியில் போட்ட உமிழ்வுக் கணக்கு. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-24 சராசரி யூனிட்டுக்கு 0.727 கிலோ கரியமில வாயு, ஒரு லட்சம் யூனிட் என்றால் 72.7 டன். சொந்தக் காற்றாலை மின்சாரத்தை கிரிட் வழியாக எடுத்துக்கொண்டாலும் இந்த எண் குறையாது. அதை ஆற்றல் அட்டவணையில் புதுப்பிக்கத்தக்க பங்காகக் காட்டலாம், எந்த மூலத்து மின்சாரம் வாங்கினீர்கள் என்பதை வைத்துப் போடும் சந்தை அடிப்படைக் கணக்கையும் கூடுதலாகத் தரலாம். மின்வாரியத்துக்கே விற்றுவிட்ட காற்றாலை யூனிட்டை எந்த வடிவத்திலும் உங்கள் உபயோகமாகக் காட்டக்கூடாது. பலர் தவறுவது இங்கேதான். ஜெனரேட்டர் டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ என்று தனியே சேரும். விறகு பாய்லரின் கரியமில வாயுவைத் தனியாகக் காட்டவேண்டும். அதன் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் நேரடி உமிழ்வில் சேரும்.

இரண்டுமே உமிழ்வை விற்றுமுதலால் வகுக்கச் சொல்கின்றன. பி.ஆர்.எஸ்.ஆர். நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்யும் வாங்கும் திறன் சமநிலையையும் சேர்க்கிறது. இந்த எண்ணை மட்டும் நம்புவது தவறு என்பதே என் கருத்து. நூல் விலை ஏறினால் விற்றுமுதல் ஏறும். ஒரு கிலோ விறகு மிச்சமாகாமலே விகிதம் இறங்கிவிடும். பி.ஆர்.எஸ்.ஆர். கோர் உற்பத்தி அளவாலும் வகுக்கச் சொல்வது அதன் உண்மையான பலம். வி.எஸ்.எம்.இ. நிரப்பும்போதும் கிலோ துணிக்கு எவ்வளவு என்ற வரியை நீங்களே சேருங்கள்.

தண்ணீர் உபயோகத்தை இரண்டும் கேட்கின்றன. வெளியேற்றும் நீர் எங்கே போகிறது, எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது என்பதை பி.ஆர்.எஸ்.ஆர். கோர் கூடுதலாகக் கேட்கிறது. சுத்திகரித்துத் திரும்ப ஓடும் தண்ணீரைப் புதிதாக எடுத்ததாக மறுபடி எண்ணாதீர்கள். கூலியில் பார்வை மாறுகிறது: மொத்தக் கூலியில் பெண்களுக்குப் போன பங்கை பி.ஆர்.எஸ்.ஆர். கோர் கேட்கிறது, ஆண்-பெண் கூலி இடைவெளியை மற்றது கேட்கிறது. பெண்கள் அதிகமுள்ள தையல் பிரிவில் முதல் எண் அழகாகவே வரும். இடைவெளியை மறைக்காமல் காட்டுவது இரண்டாவதுதான்.

ஏற்றுமதிதான் பிழைப்பு என்றால் வி.எஸ்.எம்.இ. அடிப்படைப் பகுதியில் தொடங்குங்கள். பதினொரு தலைப்புகள், வெளித் தணிக்கை கட்டாயமில்லை. பெண்கள் கூலிப் பங்கு, உங்களுக்குச் சரக்கு தந்தவர்களுக்குப் பணம் தர எடுக்கும் நாட்கள் போன்ற பி.ஆர்.எஸ்.ஆர். கோர் விவரங்களைச் சம்பளப் பட்டியலிலிருந்தும் கணக்குப் புத்தகத்திலிருந்தும் பிறகு சேர்க்கலாம். உள்நாட்டு பிராண்டே பெரிய வாடிக்கையாளர் என்றால் வரிசையை மாற்றுங்கள். பட்டியலிட்ட நிறுவனத்தின் சரிபார்ப்பாளர் உங்கள் பில்களையும் கேட்கக்கூடும். எதுவானாலும் மின் பில், டீசல் ரசீது, விறகு எடைச்சீட்டு, தண்ணீர் மீட்டர் அளவு ஆகியவற்றை மாதவாரியாக வையுங்கள். நம் கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கும் பையருக்கு ஆண்டு மொத்தத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது.