செர்ட்-இன் எச்சரிக்கையா, ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிக்கையா?

போன், கணினி மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தெரிந்துகொள்ள எதைப் பின்தொடர்வது? இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தரும் எச்சரிக்கையையா, கூகுள் மாதந்தோறும் வெளியிடும் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிக்கையையா? இரண்டும் இலவசம்தான்.

பரப்பு: 2004 முதல் இயங்கும் செர்ட்-இன், விண்டோஸ், குரோம், ஐபோன் என எல்லாவற்றையும் தொடும். கூகுளின் அறிக்கை ஆண்ட்ராய்டுக்கு மட்டும். 2015 ஆகஸ்டில் தொடங்கியது.

எளிமை: செர்ட்-இன் குறிப்பில் எந்தப் பதிப்புக்கு ஆபத்து, எவ்வளவு தீவிரம் என்பது மேலேயே இருக்கும். கூகுள் அறிக்கையில் சிவிஇ எண்களின் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் அடையாள எண்) அட்டவணை. முதல் தடவை தலை சுற்றும்.

பயன்: இங்கேதான் கூகுள் முந்துகிறது. போன் அமைப்புகளில் இருக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியை அறிக்கையோடு ஒப்பிட்டால், எத்தனை மாதம் பின்தங்கியிருக்கிறோம் என்று உடனே தெரியும்.

வீட்டில் பல சாதனங்களா? சரி, செர்ட்-இன் போதும். பழைய ஆண்ட்ராய்டில் வங்கிச் செயலி வைத்திருப்பவர் கூகுள் அறிக்கையை மாதம் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.