மதுரையில் கிராபாலஜி (கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது) வகுப்பில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"மூன்றே மாதத்தில் கையெழுத்து நிபுணர், அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், நீதிமன்றத்திலும் கம்பெனிகளிலும் வாய்ப்பு" என்று ஒரு விளம்பரம் இங்கே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அந்த வகுப்பில் படித்தவள். அடிப்படை வகுப்புக்கு 8,500 ரூபாய், அட்வான்ஸ் வகுப்புக்கு 13,500 ரூபாய் கட்டினேன். சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை. புது பேட்ச்சுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருநகரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். வருஷக்கணக்கில் நோட்டுத் திருத்தியதில், அட்டையில் பெயரைப் பார்க்காமலே இது எந்தப் பிள்ளையின் எழுத்து என்று சொல்லிவிடுவேன். ஒருத்தி 'ற'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுப்பாள், ஒருத்தன் புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம் போடுவான். இதை முறையாகக் கற்றுக்கொண்டால் என்ன என்ற ஆசை ரொம்ப நாளாகவே உண்டு.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தது எழுத்தின் சாய்வு, அழுத்தம், வரி மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா, எழுத்தை மேல் நடு கீழ் என்று பிரிக்கிற மூன்று மண்டலம், ஆங்கில 't'யின் குறுக்குக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இவைதான். 1622இல் இத்தாலியில் கமில்லோ பால்டி இதைப் பற்றி எழுதினார், 1870களில் பிரான்சில் மிஷோன் என்ற பாதிரியார் இதற்குக் கிராபாலஜி என்று பெயர் வைத்தார் என்று வரலாறும் உண்டு. அவ்வளவும் ரோமன் எழுத்தை வைத்து உருவானது. "சார், தமிழ்ல எழுதுற பிள்ளைகளுக்கு இதை எப்படிப் பார்க்கிறது? 'ழு'வும் 'கீ'யும் எந்த மண்டலம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் அட்வான்ஸ்ல வரும் மேடம்" என்றார். அட்வான்ஸ் வகுப்பில் வந்தது அதே பிடிஎப், அட்டை மட்டும் வேறு நிறம். நாலு கோடு நோட்டில் கையைப் பிடித்து ஆங்கிலம் எழுத வைக்கிற நம் பள்ளிகளில், அந்த எழுத்தில் தெரிவது பிள்ளையின் குணமா, மிஸ் கொடுத்த பயிற்சியா என்ற கேள்விக்கும் கடைசி வரை பதில் இல்லை.

எங்கள் எழுத்தை ஆராய்ந்து ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார்கள். எனக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சிக்கு வந்ததும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உள்ளவர்" என்று ஆரம்பிக்கும், யாருக்குச் சொன்னாலும் பொருந்துகிற வரிகள். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் போரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார். 5க்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். அவர் அந்த வரிகளில் பெரும்பாலானவற்றை எடுத்ததே ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து. அப்புறம் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். நெட்டர், பென்-ஷகார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1989இல் வெளியிட்டதில், ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்று கணிப்பதில் கிராபாலஜி படித்தவர்கள் படிக்காதவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை. எழுதியவர் தன் வாழ்க்கையைப் பற்றியே எழுதிய தாள் என்றால், அதில் இருக்கிற விஷயமே பாதியைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. எங்கள் வகுப்பிலும் "உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்றுதான் முதலில் வாங்கினார்கள்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாத விஷயம் வேறு. பயிற்சி என்று சொல்லி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டை வாங்கி அறிக்கை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், ஒரு அறிக்கைக்கு 300 ரூபாய் வாங்கலாம் என்றும் சொன்னார்கள். திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் எழுத்தைப் பார்த்து, கீழ் வளைவு இப்படி இருந்தால் மறைக்கிற குணம், திருட்டு எண்ணம் வரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா வகுப்புக்கே வந்து, "ஏன் சார், எம்புள்ள எதையும் தொடமாட்டானே, இப்ப வீட்ல சில்லறை காணாமப் போனாக்கூட அவங்கப்பா இவனைத்தான் அடிக்கிறாரு" என்று அழுதார். நடத்துகிறவர் "கையெழுத்துப் பயிற்சிக்குச் சேர்த்துவிடுங்க, சரியாயிடும்" என்று அதற்கும் ஒரு கட்டணம் சொன்னார். பிள்ளை பேனாவை எப்படிப் பிடிக்கிறான், கண் சரியாகத் தெரிகிறதா, எழுதும்போது கை வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வளர்கிற பிள்ளையின் நெற்றியில் திருடன் என்று எழுதி ஒட்ட யாருக்கு என்ன உரிமை இருக்கிறது?

சிக்னேச்சர் மாற்றம் என்று இன்னொரு வியாபாரம். கையொப்பம் மேல்நோக்கி ஏற வேண்டும், அடியில் கோடு போட வேண்டும், தொழில் பெருகும் என்று 3,000 ரூபாய். டவுன் ஹால் ரோட்டில் கடை வைத்திருக்கிற ஒருவர் அப்படி மாற்றிக்கொண்டு, வங்கியில் மாற்றிப் பதியாமலே செக் போட்டார். கையொப்பம் பொருந்தவில்லை என்று செக் திரும்பி வந்தது. அப்படித் திரும்பினாலும், பணமில்லாமல் செக் திரும்பினால் வருகிற மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவிலேயே வழக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லியிருக்கிறது. வகுப்பில் இந்த ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சான்றிதழ் கதைக்கு வருகிறேன். என்னிடம் படிக்கிற பிள்ளையின் அப்பா, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். பார்த்துவிட்டு, "டீச்சர், இதை வச்சு கோர்ட்ல ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நீதிமன்றத்தில் கேட்பது இந்தக் கையெழுத்து இவருடையதா, இல்லை வேறு யாராவது போட்டதா என்பதைத்தான். எழுதியவர் நல்லவரா கெட்டவரா என்பது அங்கே பேச்சே இல்லை. முன்பு சாட்சியச் சட்டம் 45வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் 39வது பிரிவு, இதன் கீழ் வருகிற நிபுணர் சந்தேகத்துக்குரிய ஆவணத்தை, அந்த நபர் எழுதியது என்று உறுதியான வேறு தாள்களோடு வைத்து ஒப்பிடுகிறார். பேனா எங்கே எடுத்து வைக்கப்பட்டது, கோட்டில் நடுக்கம் இருக்கிறதா, மை ஒன்றுதானா, அடியில் இருந்த தாளில் தடம் பதிந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியிலும் கருவிகளிலும் பார்க்கிற வேலை. தடயவியல் படித்து ஆய்வகத்தில் வருஷக்கணக்கில் பழகி வருகிறவர்கள் அவர்கள். அப்படி வருகிறவரின் கருத்தையே நீதிமன்றம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறது. உண்மையிலேயே இதில் ஆர்வம் இருக்கிற பிள்ளைகள் அறிவியல் பட்டத்துக்குப் பிறகு தடயவியல் முதுகலை பக்கம் பாருங்கள், அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அரசு அங்கீகாரம் என்றார்களே, எந்தத் துறை, ஆணை எண் என்ன என்று எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் "வகுப்பு முடிஞ்சிருச்சுல்ல மேடம்" என்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதே வகுப்பில் பணம் கட்டியவர்கள் ரசீது, ஜிபே பதிவு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அறிக்கை எதையும் அழிக்காதீர்கள். எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், குறிப்பாக அந்த ஒரே மாதிரி அறிக்கை வந்தவர்கள். சேர்ந்தே மனு போடலாம்.