டிப்பர் ஜாக்கியைக் கழற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில் பக்கம் ஒரு பட்டறையில் டிராக்டர் டிப்பருக்கு சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றி வாங்கி 20 நாள்கூட ஆகவில்லை. தொட்டியை ஆயில் அழுத்தத்தில் தூக்கும் மூன்றடுக்கு ஜாக்கி மறுபடியும் ஆயில் கக்குகிறது. பில்லில் ‘முழு சீல் கிட்’ என்று இருக்கிறது. வேறு இடத்தில் பிரித்துப் பார்த்தால் நடு அடுக்கில், தூசி நுழையாமல் தடுக்கும் பழைய டஸ்ட் சீலே கிடக்கிறது, உதடு வெடித்து, செம்மண் அப்பி. குரோம் தண்டில் பைப் ரெஞ்சின் பல் தடம் வரிசையாக நகத்தில் இடறுகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது புது சீலை அரம்போல ராவிவிடும். இனி எத்தனை கிட் போட்டாலும் ஒழுகும்.

கும்பப்பூ அறுப்பு நேரம், வண்டி நிற்கக்கூடாது என்ற அவசரம்தான் இப்படிப்பட்ட பட்டறைக்காரர்களுக்கு வசதி.

பணத்தைவிடப் பயம் தருவது கழற்றிய விதம். தூக்கிய தொட்டிக்கு உருண்டை ரப்பர் மரத்தடியை முட்டுக் கொடுத்துவிட்டு ஜாக்கிக்கு ஆயில் போகும் ஹோஸை அவிழ்த்திருக்கிறார்கள். தொட்டியைத் தாங்குவதே உள்ளே அடைபட்ட ஆயில்தான். அது வெளியேறினால் தொட்டி கீழே வரும், தடி உருண்டு விலகும்.

தொட்டி காலியாக இருக்க வேண்டும், தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். சேசிஸில் இரும்பு முட்டுக்காலை நிறுத்தி, எடை முழுவதும் அதில் உட்காரும்வரை மெல்ல இறக்குங்கள். எஞ்சினை நிறுத்தி, லீவரை இறக்கும் பக்கமே வையுங்கள். ஜாக்கியை வண்டியோடு பிணைக்கும் இரும்புப் பின்னைக் (pin) கையால் திருகினால் அது சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் இன்னும் சுமை இருக்கிறது, ஹோஸைத் தொடாதீர்கள். சுழன்றாலும் ஹோஸின் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஆயில் கசிந்து அடங்கிய பிறகே முழுதாக அவிழ்க்க வேண்டும். பின்னை உருவும் முன் ஜாக்கியைச் சங்கிலியில் கட்டுங்கள். ஹோஸ் வாயையும் ஜாக்கி வாயையும் உடனே மூடுங்கள்.

சிக்கிய அடுக்கை கம்ப்ரெசர் காற்று விட்டுத் தள்ளுவதை அனுமதிக்கவே வேண்டாம். அமுங்கிய காற்று விடுபடும்போது தண்டு குண்டுபோலப் பாயும்.

கசிவை விரலால் தேடாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இல்லாமல் போகலாம். ஆனாலும் காத்திருக்காமல் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய், ‘அழுத்த ஆயில் உள்ளே ஏறியது’ என்று சொல்லுங்கள். அதற்கு அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும்.

பழைய சீல்களை எண்ணி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். இன்னொன்று: இந்த ஒற்றைவழி ஜாக்கியில் (ஆயில் அழுத்தத்தில் ஏறி, தொட்டியின் எடையால் இறங்குவது) சீல் போனால் ஆயில் வெளியேதான் சொட்டும். எங்குமே சொட்டு இல்லாமல் தொட்டி தானாக இறங்கினால் டிராக்டரின் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியைக் கழற்ற விடாதீர்கள்.