ஏற்காட்டு ஏற்றத்துக்கு எந்தக் கூலன்ட் டப்பா தாங்கும்?

சேலத்தில் கிளம்பி அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் வரும்வரை டெம்பரேச்சர் முள் அசையவில்லை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறியிருக்க மாட்டேன், உள்ளே ஒரு தித்திப்பு வாசனை வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிந்தால் வரும் வாசனை. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால், பழுப்பேறிய கூலன்ட் டப்பாவின் நடுமூட்டில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதன் வழியே பச்சை நிறக் கூலன்ட் முத்து முத்தாக வந்து, சூட்டில் சட்டென்று காய்ந்து, வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டி 20 வருடப் பழைய செடான். மாடல் நின்று ரொம்ப நாளாகிறது, புது டப்பா எங்கும் இல்லை. எபாக்சி பசை பூசி ஓட்டலாம் என்றார்கள். சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில் அது நம்பி மலை ஏறக்கூடிய வேலை இல்லை. பழைய வண்டி உடைக்கும் இடத்தில் அதே மாடலின் டப்பா ஒன்று கிடைத்தது. கட்டை விரலால் அமுக்கியதும் முறுகலாகச் சத்தம் கேட்டது. அதற்கும் அதே வயதுதானே, வாங்காமல் அங்கேயே வைத்துவிட்டேன். ஆக, வேறு மாடலின் டப்பாவைப் பொருத்துவது என்று முடிவானது. எதை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

முதலில் எல்லோரும் கையில் எடுப்பது மாருதி 800 போன்ற வண்டிகளின் டப்பா. மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், இடத்திலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் அந்த வண்டிகளில் அழுத்தம் தாங்கும் மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கிறது. சூட்டில் பெருகி வழியும் கூலன்ட்டைப் பிடித்து வைத்து, ஆறியதும் திருப்பிக் கொடுப்பது மட்டும்தான் டப்பாவின் வேலை. அதற்குள் அழுத்தமே கிடையாது. மூடியும் சும்மா அழுத்தி மூடுவதுதான். என் வண்டி வேறு ரகம். ரேடியேட்டரில் மூடியே இல்லை. டப்பாதான் சிஸ்டத்தின் உச்சி, அழுத்த மூடி அதன் தலையில், கொதிக்கக் கொதிக்க கூலன்ட் அதன் வழியாகவே சுற்றி வருகிறது. இதில் அந்தச் சாதா டப்பாவைப் போட்டால் மொத்த சிஸ்டமும் திறந்த பாத்திரம் ஆகிவிடும்.

இங்கேதான் ஏற்காடு கணக்குக்குள் வருகிறது. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், மேலே 95-லேயே கொதித்துவிடும். எஞ்சினோ சாதாரணமாகவே 90, 95-ஐத் தொடும். இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது அதற்கும் மேலே போகும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும்: 1.2 பார் அழுத்தம் வரை திறக்காத மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மலை உச்சிக்குப் போனாலும் அதில் இரண்டு டிகிரிதான் குறையும். எனவே சாதா டப்பாவை நான் பட்டியலிலேயே வைக்க மாட்டேன். சேலம் டவுனுக்குள் ஓடுகிறதே என்று யாராவது சொன்னால், டவுனுக்குள் எது வேண்டுமானாலும் ஓடும்.

மீதி இரண்டு. ஒன்று, ஃபோக்ஸ்வேகன் போலோ, வென்ட்டோவில் வந்த உருண்டை டப்பா, நீல மூடி போட்டது. மற்றொன்று, பட்டறையில் அலுமினியத்தில் அடித்து வாங்குவது.

அலுமினியத்துக்கு சேலம் நல்ல ஊர். லாரிகளை நம்பி இருக்கும் ரேடியேட்டர் பட்டறைகளுக்கும் ஆர்கான் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை. இடத்துக்கு ஏற்ற அளவில் அடிக்கலாம், ஓஸ் வாய்களைப் பழைய விட்டத்திலேயே வைக்கலாம். எல்லாவற்றையும் விட, சரியான அழுத்தம் உள்ள மூடியை நாமே தேர்ந்து எடுக்கலாம். ஆனால் உள்ளே மட்டம் தெரியாது, பக்கவாட்டில் தனியாக ஒரு ட்யூப் வைக்க வேண்டும். எனக்கு அது உறுத்தியது. மலை ஏறும்முன் பானெட்டைத் திறந்து ஒரே பார்வையில் மட்டம் பார்ப்பது என் பழக்கம். அதோடு, வண்டி அதிர அதிர முதலில் விடுவது வெல்டிங் ஓரம்தான்.

உருண்டை டப்பாவில் மட்டம் பளிச்சென்று தெரியும். அழுத்தம் தாங்கவே செய்தது, உருண்டை வடிவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அடியில் பெரிய வாய், மேலே சின்ன வாய். என் பழைய டப்பாவின் அமைப்பும் அதேதான். குறைகளும் உண்டு. மூடியின் மரை வேறு, பழைய மூடி ஏறாது. நீல மூடி 1.4 பாருக்கு மேல்தான் திறக்கும். என் மூடியில் 1.2 என்று போட்டிருந்தது. டப்பாவுக்கு அது ஒன்றுமில்லை, 20 வருட ரப்பர் ஓஸ்களுக்கும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கங்களுக்கும்தான் கூடுதல் சுமை. பழைய ஓஸ்களை வைத்துக்கொண்டு இதைப் போடாதீர்கள். நான் எல்லா ஓஸையும் மாற்றிய பிறகுதான் போட்டேன். அந்தச் செலவு வேண்டாம் என்பவர்கள் அலுமினியத்துக்கே போகலாம், தப்பில்லை.

பொருத்தும்போது மெக்கானிக் அண்ணன் விடாமல் பார்த்தது உயரத்தை. "மினிமம் கோடு ரேடியேட்டர் தலைக்கு மேலே இருக்கோணும் தம்பி, இல்லாட்டி காத்து உள்ளயே நின்னுக்கும்" என்று சொல்லி, பட்டையை இரண்டு தடவை வளைத்து மாற்றினார். பானெட் மூடியில் இடிக்காத அளவுக்கு ஒரு விரல் இடைவெளி. டப்பாவின் அடியில் இருக்கும் லெவல் சென்சாருக்கு என் வண்டியில் ஒயர் கிடையாது, பின்களுக்கு ரப்பர் தொப்பி போட்டு விட்டுவிட்டோம். வாய் விட்டம் பொருந்தாத இடத்தில் ஓஸைக் கிளாம்ப்பால் நெரித்து இறுக்காமல், இரு முனையும் வேறு வேறு அளவுள்ள ஓஸாகவே வாங்கினோம்.

பூட்டும்முன் ஒரு சோதனை. பெரிய வாயை அடைத்து, சின்ன வாயில் சைக்கிள் பம்பை மாட்டி, 17 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றி, தண்ணீர் வாளியில் டப்பாவை முக்கினோம். என் பழைய மூடியில் போட்டிருந்த 1.2 பார் என்பது ஏறக்குறைய அதுதான். பத்து நிமிடம் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. அலுமினிய டப்பா வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் பட்டறையை விட்டு வரவே கூடாது.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே மத்தியானம் கிளம்பினேன். 20 வளைவும் ஏறி, ஏரிப் பக்கம் நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். அணைத்த பிறகுதான் சூடு ஒரு தடவை ஏறி இறங்கும், பழைய டப்பாக்களில் விரிசல் விழ அதுவும் ஒரு சமயம். மூடியைத் தொடாமல் பார்த்தேன்: மட்டம் ஒரு விரல் அளவு ஏறியிருந்தது, மூட்டில் ஈரம் இல்லை. மறுநாள் காலை வண்டி ஆறியதும், மார்க்கரால் நான் கோடு போட்ட இடத்துக்கே இறங்கி நின்றது. ஒரு வாரம் கழித்துக் கிளாம்ப்புகளை மட்டும் இன்னொரு சுற்று முறுக்கினேன். புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருந்தது.