ஆஸேஜ் மரத்தில் வில் செதுக்குவது: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

நாண் ஏற்றிய முதல் நாள் எந்த வில்லும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு கோடை, ஒரு பனிக்காலம் தாண்டி, ஆயிரக்கணக்கில் அம்பு விட்ட பிறகு அது என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். மர வில் செய்வது பற்றிய வீடியோக்கள் பெரும்பாலும் முதல் அம்போடு முடிந்துவிடுகின்றன. நான் கேன்சஸில் சில வருடங்களாக இதே வேலையாக இருக்கிறேன். செய்த விற்களைப் புழங்கிப் பார்த்ததில் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மரம். இங்கே ஆஸேஜ் ஆரஞ்சுக்குப் பஞ்சமில்லை; ஊர்க்காரர்கள் ‘ஹெட்ஜ்’ என்பார்கள். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மூன்றும் சேரும் ரெட் ரிவர் பக்கம்தான் இதன் பூர்வீகம். ஆஸேஜ் பழங்குடியினர் இதில்தான் வில் செய்தார்கள். 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கும்வரை இந்தச் சமவெளியில் மாட்டைத் தடுக்க இந்த முள்மரத்தைத்தான் நெருக்கி நட்டு வேலியாக்கினார்கள். முள்கம்பி வந்த பிறகு, அதைக் கட்டும் கம்பமாக இதே மரம் நின்றது, எளிதில் உளுக்காது. 1930-களின் புழுதிப்புயல் காலத்தில் ரூஸ்வெல்ட் அரசு காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைகளிலும் இது உண்டு. பலாவுக்குப் பங்காளி முறை, ஒரே குடும்பம். வெட்டினால் பால் வடியும். வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) பளீர் மஞ்சளாக இருந்து, வெயில் படப்படப் பழுப்பாகும். பலாக்கட்டை அறுத்த பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதாக இருக்காது.

வேலியைத் திருத்தும் விவசாயியிடம் கேட்டால் கட்டையைத் தாராளமாகக் கொடுப்பார், ரம்பத்தின் பல்லை மழுக்கும் மரம் என்பதால். (அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “விறகு வெட்டவாடா அமெரிக்கா போனே?”) வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மரம் ஒட்டும் பசையைத் தடிமனாகப் பூசிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஓட ஆரம்பித்துவிடும். ஆறடிக் கட்டையை ஆப்பு அடித்துப் பிளப்பதே நல்லது. ரம்பம் நேர்கோட்டில் போகும். பிளவு மரத்தின் நார் எப்படி ஓடுகிறதோ அப்படிப் போகும். நாருக்குக் குறுக்கே வெட்டுப்பட்ட வில் என்றைக்காவது அந்த இடத்தில்தான் விரியும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், வில்லின் முதுகுக்கு ஒற்றை ஆண்டு வளையத்தைத் தேடி இறங்குவது. முதுகு என்பது குறியைப் பார்க்கும் பக்கம், வயிறு என்பது நம்மைப் பார்க்கும் பக்கம். பட்டையை உரித்து, வெளிறை (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மரத்தை) முழுக்கச் சீவினால் மஞ்சள் வைரம் வரும். ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் இரண்டு அடுக்கு இருக்கிறது. வசந்தத்தில் வளர்ந்தது வெளிர்நிறமாக, துளைதுளையாக இருக்கும். கோடையில் வளர்ந்தது கெட்டியாக, மினுமினுப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் பிடியுள்ள டிரா நைஃபைத் தன் பக்கமாக இழுக்கும்போது வசந்த அடுக்கு ‘நறநற’வென்று பொடியும். சத்தம் நின்று கத்தி வழுக்க ஆரம்பித்தால் கெட்டி அடுக்கைத் தொட்டுவிட்டோம். அதற்குமேல் ஒரு சீவல்கூடக் கூடாது. முனைக்கு முனை அந்த ஒரே அடுக்கு அறுபடாமல் ஓட வேண்டும். வழியில் முடிச்சு வந்தால் அதைச் சமமாக்காமல் மேடாகவே விட்டு, சுற்றிப் போக வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் செய்தால் அடுக்கு மாறும் இடம் கண்ணுக்குத் தெரியும். நடுப்பகல் வெளிச்சம் உதவாது. தூளுக்கு முகமூடி கட்டாயம். பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்.

உலர்த்துவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொறுமை இல்லாதவர்கள் கட்டையை வில் வடிவத்துக்குத் தோராயமாகச் செதுக்கி, முதுகுக்கு ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடித்து, வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்கலாம். எடை குறைவது நின்றால் வேலையைத் தொடங்கலாம். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் இருந்தால் நல்லது.

பிறகு டில்லரிங். வில்லைச் சுவரில் மாட்டி, கப்பியில் கயிறு போட்டு இழுத்து, எதிரே நின்று வில்லின் இரண்டு கையும் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகள்) ஒரே மாதிரி வளைகின்றனவா என்று பார்த்து, விறைப்பான இடத்தை மட்டும் வயிற்றுப் பக்கம் சுரண்டுவது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் விறைப்பு பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனில் அதே பங்கு எடுத்தால் 27 சதவீதம் போய்விடும். அதனால்தான் அரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் தகட்டுச் சுரண்டியை மட்டும் பிடிக்கிறோம். சுரண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை இழுத்துப் பழக்க வேண்டும். மரம் உடனே பதில் சொல்லாது. நினைத்த பவுண்டை, அதாவது வில்லை முழுக்க இழுக்கத் தேவைப்படும் விசையை, தாண்டி ஒருபோதும் இழுக்கக் கூடாது.

இனி புழக்கம். என்னிடம் நிலைத்தவை மூன்று வகை. மரக்கடையில் வாங்கிய ரெட் ஓக் பலகையில் செய்தது, ஹிக்கரியில் செய்தது, ஆஸேஜில் செய்தவை. ரெட் ஓக் பழகுவதற்குச் சரி: விலை மலிவு, நார் நேராக ஓடும் பலகையைக் கடையிலேயே பொறுக்கி எடுக்கலாம். ஆனால் நாண் கழற்றிய பிறகும் வளைவு முழுக்க நிமிரவில்லை. வயிற்றுப் பக்க நார் நசுங்கிப்போனதன் அடையாளம் அது. இந்த நிரந்தர வளைவு கூடக்கூட அம்பின் வேகம் குறையும். ஹிக்கரியை உடைப்பது கஷ்டம், அதன் முதுகு அவ்வளவு தாங்கும். பனிக்காலத்தில் அருமையாக அடிக்கும். ஜூலைப் புழுக்கத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சோம்பிப்போகும்.

ஆஸேஜிலும் எல்லாம் ஒன்றல்ல. 60 அங்குலத்தில், 50 பவுண்டுக்குச் செய்த குட்டை வில் முதல் மாதம் ராஜா மாதிரி இருந்தது. 28 அங்குலம் இழுக்கும் கைக்கு அது குட்டை. இப்போது வளைவு ஏறி, இழுப்பின் கடைசி இரண்டு அங்குலத்தில் விரலை நெரிக்கிறது. சுவரிலேயே தொங்குகிறது. நான் தினமும் எடுப்பது 68 அங்குலத்தில், 40 பவுண்டுக்குச் செய்த, பார்க்கச் சாதாரணமான வில். அதற்கு வளைவு ஓர் அங்குலத்துக்கும் கீழே. நீளம் கூடினால் மரத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் பாரம் குறைகிறது, அவ்வளவுதான் ரகசியம். வேகம் வேண்டுமானால் கப்பி வைத்த காம்பவுண்ட் வில் வாங்கிக்கொள்ளுங்கள். அது விநாடிக்கு 300 அடி விடும். நல்ல மர வில் 150 அடியை ஒட்டி விட்டாலே நிறைவு. குட்டையாக, அதிகப் பவுண்டுக்குச் செய்து காட்டும் மோகம் இந்தப் பொழுதுபோக்கில் நிறைய இருக்கிறது. ஆயுளைப் பற்றி அவர்கள் யாரும் பேசுவதில்லை.

பராமரிப்பில் நான் கறாராக இருப்பது சிலவற்றில்தான். அடித்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுவது. மூலையில் சாய்த்து வைக்காமல் இரண்டு ஆணியில் படுக்கையாக மாட்டுவது. கோடையில் காரில் விட்டுப் போகாமல் இருப்பது. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட யாரையும் அனுமதிப்பதில்லை, விருந்தாளிக் குழந்தையாக இருந்தாலும் சரி. ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் மரம் அளவுக்கு மீறிக் காய்ந்து நொறுங்கும் பதத்துக்கு வரும். நான் கீழ்த்தளத்தில் வைத்துவிடுகிறேன். நாணுக்கு டேக்ரான் என்ற பாலியஸ்டர் நூலே போதும். கொஞ்சம் நீளும், அதனால் வில்லின் நுனிக்கு அதிர்ச்சி குறைவு.

கருவிக்குப் பெரிய செலவில்லை. பழைய டிரா நைஃப், ஒரு நல்ல மர அரம், சுரண்டி, இழுவையை அளக்கத் தொங்கு தராசு. உலர்ந்த ஆஸேஜ் கட்டையை விலைக்கு வாங்கினால்தான் நூறு டாலருக்கு மேல் கேட்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு: ஆஸேஜைத் தேட வேண்டாம். நன்றாகக் காய்ந்த கல் மூங்கிலைப் பிளந்து, வெளித்தோலைத் தொடாமல் முதுகாக வைத்து, உட்பக்கம் மட்டும் செதுக்குங்கள். கணுவின் மேட்டைச் சீவாதீர்கள். முதல் வில்லை உங்கள் உயரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். 25 பவுண்டு போதும்.