சினை பார்க்கப் பழக: தொடும் கருவியா, திரையா?

மாட்டின் ஆசனவாய் வழியே கைவிட்டுச் சினை பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத பாடம். பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் கால்நடை மருத்துவ மாணவரின் விரல் எங்கே போகிறதென்று தெரியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவர் சாரா பெய்லி உருவாக்கிய 'ஹாப்டிக் கௌ' (தொடுவுணர்வு தரும் செயற்கை மாடு) இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. மாட்டின் பின்பாகம் போன்ற கூட்டுக்குள் இருக்கும் கருவி, கருப்பையைத் தொடும் உணர்வை விரலுக்குத் தருகிறது. விரலின் அசைவு திரையில் தெரிவதால், "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று ஆசிரியர் வழிகாட்டலாம். தடுமாறும் கைகளால் எந்த மாடும் வதைபடுவதில்லை, எனக்கு அதுவே பெரிது.

இன்னொரு வழி, திரையில் பார்க்கும் முப்பரிமாண உடற்கூறு மென்பொருள். அதற்கு ஒரு மடிக்கணினி போதும். விடுதி அறையிலேயே உறுப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் கைக்கு எதுவும் தட்டுப்படாது.

சரி, எதை எடுப்பது? உடற்கூறு படிக்கும்போது திரை மென்பொருள். அப்புறம், முதல் மாட்டைத் தொடுவதற்கு முன் ஹாப்டிக் கருவிதான்.