நாட்டியாஞ்சலியா, மெலட்டூரா? இரண்டு வயதுக் குழந்தையோடு போய் வந்த அனுபவம்

மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்த மாசியில், சிவராத்திரியை ஒட்டிக் கோயில்களில் நடக்கும் நாட்டிய விழாவான நாட்டியாஞ்சலிக்குப் போனோம். அதே வருடம் நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்துக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். சின்னக் குழந்தையோடு ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போகலாம் என்று உறவில் சிலர் கேட்கிறார்கள். மெலட்டூருக்குத்தான் என்பேன். விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு ரெண்டு வயசுப் பிள்ளையையா என்று உடனே முகம் மாறுகிறது. அதற்குத்தான் இந்த விளக்கம்.

நாட்டியாஞ்சலியின் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. 1981-இல் சிதம்பரத்தில் தொடங்கியது, இப்போது தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று டெல்டாவில் பல கோயில்களில் நடக்கிறது. பக்கத்து ஊரிலேயே பார்த்துவிடலாம். ஒரு குழு போய் இன்னொரு குழு வந்துகொண்டே இருப்பதால் குழந்தைக்கு அலுக்காது. சலங்கை ஒலி கேட்டதும் எங்கள் மகளும் மடியிலிருந்து இறங்கி ஆடத்தான் செய்தாள்.

ஆனால் அது நடக்கிற நேரம் சாயங்காலம் தொடங்கி இரவு வரை. குழந்தை சாப்பிட்டுத் தூங்க வேண்டிய நேரமும் அதுதான். ஏழரை மணிக்குக் கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். சுற்றிலும் நெருக்கமாக ஆட்கள், கீழே கல் தளம், படுக்க வைக்க இடமில்லை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கருங்கல்லில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கே குளிர் ஏறியது. தோளில் போட்டுத் தட்டினால் கைதட்டல் சத்தத்தில் திடுக்கிட்டு விழிக்கிறாள், அழுகிறாள். ஒன்பது மணிக்கு முன்பே கிளம்பிவிட்டோம்.

குழந்தை எத்தனை நேரம் விழித்திருக்கும் என்பதைத்தான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். எங்கே தூங்கும் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மெலட்டூர் பாபநாசம் வட்டத்தில் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில்தான் நாடகம். ஆட்டம் தொடங்கவே இரவு வெகுநேரம் ஆகிவிடும். அன்று மதியம் அவளை நன்றாகத் தூங்கவைத்தோம். ஏழு மணிக்குச் சாதம் ஊட்டி, பாயும் பழைய போர்வையும் எடுத்துக்கொண்டு போய், ஒலிபெருக்கிக்குத் தள்ளி ஓரமாக இடம் பிடித்தோம். முதலில் கோணங்கி என்கிற கோமாளி வந்து ஆடினார். பிறகு யானைமுகம் கட்டிக்கொண்டு ஒரு சிறுவன் பிள்ளையாராக வந்தான். குழந்தைக்காகவே அமைத்ததுபோல் இருந்தது அந்தத் தொடக்கம். அவள் கண் கொட்டவில்லை.

அன்று நடந்தது பிரகலாதன் கதை. இரணியன் மேடைக்கு வரும்போது பாயிலேயே தூங்கிப்போனாள். பக்கத்திலும் ஏழெட்டுக் குழந்தைகள் அப்படியே படுத்திருந்தன. நான் தயங்குவதைப் பார்த்த ஒரு பாட்டி, “தூங்கட்டும் விடும்மா, வேணும்னா அப்புறம் எழுப்பிக்கலாம்” என்றார். இரவு முழுக்க நடக்கிற நாடகத்துக்கு வருகிறவர்களுக்கு, பாதியில் தூங்குவது தவறாகவே படுவதில்லை. பெரியவர்களும் ஒரு சின்னத் தூக்கம் போட்டு எழுந்து பார்க்கிறார்கள். மூன்று மணி சுமாருக்கு அவளே விழித்துக்கொண்டாள். மேடையில் பிரகலாதனும் அவன் அம்மா லீலாவதியும். லீலாவதியாக நடிப்பவர் ஆண். அம்மாவும் பிள்ளையும் அழுவதை என் மடியில் அசையாமல் படுத்தபடியே பார்த்தாள். வேங்கடராம சாஸ்திரி எழுதிய நாடகம் தெலுங்கில் இருப்பது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

மே மாதம் என்பதால் பனியும் இல்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி திறப்பது ஜூன் 12-இல். அதற்கு முந்தைய கோடையில் வாய்க்கால்கள் வறண்டுதான் கிடக்கும். குழந்தை நழுவி ஓடினாலும் தண்ணீர்ப் பயம் குறைவு. புழுக்கம் உண்டு, விசிறி கட்டாயம் வேண்டும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. விடியும் நேரத்தில் வரும் நரசிம்மர் காட்சி உக்கிரமானது. கோயிலில் வைத்துப் பூசிக்கும் நரசிம்ம முகமூடியை அணிந்துதான் நடிக்கிறார்கள். வேடம் போடுகிறவர் அன்று விரதம் இருப்பார். ஆவேசத்தில் அவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டேன். அவள் பயந்திருப்பாளா, ரசித்திருப்பாளா என்று சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. முழுதாகத் தூங்காமல் சிணுங்கும் குழந்தைக்கும், சத்தம் ஆகாத குழந்தைக்கும் எங்கள் வழி சரிவருமா என்பதும் தெரியாது. நாங்கள் போனது ஒரே ஒரு இரவு.

அம்மன் கோயில் திருவிழாக்களில் நடக்கும் வள்ளி திருமண நாடகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பாய் போட இடம் அங்கேயும் கிடைக்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் வேட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் அதிகம். நாலு வயதாகட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறோம்.

மெலட்டூருக்குப் போவதென்றால் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போங்கள். நடுராத்திரியில் குழந்தை அடம்பிடித்தால் உடனே கிளம்ப முடிய வேண்டும். பாயை மட்டும் கொஞ்சம் அகலமானதாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாயில் விடிவதற்குள் மூன்று பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.